‘அழிக்காதீங்க சேர்’

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவருக்கு அடுத்து நான். மூன்றாவது, எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். என்னை அக்கா என்பாள்.

சில தோட்ட மருத்துவமனைகளுக்காக ஒரு மென்பொருள் செய்திருந்தோம். பிள்ளையின் நிறையைத் தட்டினால், போத்தலில் ஊற்றித்தரும் பாணி மருந்தை எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று கணக்கிட்டு, போத்தலில் ஒட்டும் துண்டை அச்சடித்துத் தரும். நாங்கள் எழுதும் ஒவ்வொரு மாற்றமும், எழுதியவர் பெயரோடும் நேரத்தோடும் அலுவலகத்தின் பொதுக் கணினியில் பதிவாகும். வாரத்துக்கொரு முறை எல்லோருடைய மாற்றங்களையும் ஒரே சீடியில் போட்டு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோவோம்.

அன்று பகல் சாப்பாட்டுக்கு எழும்பும் நேரத்தில், மேட்டுத் தோட்ட மருத்துவமனை ஒன்றிலிருந்து தாதி தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளைகளுக்கு வர்ற அளவு கூடுதலா தெரியுதுங்களே. இது சரிதானுங்களா?" என்று கேட்டார்.

அவர் சொன்ன நிறையைத் தட்டிப் பார்த்தோம். கொடுக்கவேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மருத்துவமனைக்குக் கிலோ காட்டும் புதுத் தராசு வந்திருந்தது. அதற்காக, இறாத்தலை, அதாவது பவுண்டை, கிலோவாக மாற்றும் கட்டளை வரியைப் புதிதாகச் சேர்ந்தவள் எடுத்துவிட்டிருந்தாள். ஆனால் அந்த வரி எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவானது. மேட்டுத் தோட்டத்தில் இன்னமும் பழைய இறாத்தல் தராசுதான். அங்கே இறாத்தலில் சொன்ன நிறையைக் கணினி கிலோவென்று எடுத்துக்கொண்டது.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொறுப்பாளர் முதலில் எல்லா மருத்துவமனைகளுக்கும் அழைத்து, கணினி சொல்லும் அளவை நம்பாமல் வைத்தியரிடம் கேட்டுக் கையால் எழுதச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தார்.

"பயப்பிடாதையும். போன கிழமைச் சீடியைத் திரும்பப் போடுவம். உம்மடை மாற்றத்தையும் பொதுக் கொம்பியூட்டரிலை இருந்து துடைச்சுவிடுறன். உம்மடை பேர் ஒரு இடத்திலையும் வராது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவள்தான் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"வேணாங்க சேர். பழைய சீடிய போட்டா அக்கா எழுதுனதும் சேந்து போயிரும். பிள்ளைக்கு ஒத்துக்காத மருந்துன்னா செவப்புல எச்சரிக்கை வருதுன்னு நம்பி, அங்க பிள்ளைகளோட பழைய அட்டைகள பாக்குறதயே விட்டுட்டாங்க. நான் செஞ்சத மட்டும் திருப்புவோம்."

அந்தச் சிவப்பு எச்சரிக்கையை எழுதியது நான். அதே சீடியில்தான் அதுவும் போயிருந்தது. ஒரு ஆபத்தை நீக்கப்போய் இன்னொன்றை உண்டாக்கியிருப்போம், அதுவும் யாருக்கும் தெரியாமல்.

"சரி, அப்ப உம்மடையதை மட்டும் துடைக்கிறன்" என்றார் அவர்.

"அழிக்காதீங்க சேர். எந்த சீடில போச்சு, எப்ப இருந்து ஓடுச்சுன்னு அத வச்சுத்தானே அந்தப் பிள்ளைகள தேடணும். எம் பேரு இருந்தா இருக்கட்டும்."

அவர் தன் நாற்காலியை விட்டு எழுந்து, "நீரே இருந்து செய்யும்" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். நடந்த மாற்றத்தை அழிக்காமல், அதற்கு நேர் எதிரான மாற்றத்தை அதற்கு மேலேயே புதிதாக ஒன்றாகப் பதிந்தாள். எதைத் திருப்புகிறாள், ஏன் திருப்புகிறாள் என்பதையும் எழுதினாள். நான் பக்கத்தில் இருந்து பல நிறைகளைத் தட்டிச் சரிபார்த்தேன். அளவு சரியாக வந்தது, சிவப்பு எச்சரிக்கையும் வந்தது. நோட்டன் பிரிட்ஜுக்கு வேறு வழி செய்யும்வரை அங்கே கையாலேயே எழுதட்டும் என்று சொல்லிவிட்டோம்.

எந்த நேரத்திலிருந்து அளவு பிழை என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் அழைத்துச் சொன்னோம். மற்ற இடங்களுக்குப் பொறுப்பாளர் போக, நாங்கள் இருவரும் வாடகை வேன் ஒன்றில் சீடியோடு மேட்டுத் தோட்டத்துக்குப் போனோம். வழி முழுக்க மழை. நாங்கள் சொன்ன நேரத்தை வைத்து, மருந்து வாங்கிப்போன பிள்ளைகளைத் தாதிமார் ஏற்கெனவே தேடிப்போயிருந்தார்கள். பார்த்த பிள்ளைகள் எல்லோரும் நலம் என்று வைத்தியர் சொன்னார். தோட்டத்தின் மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு மட்டும் மிச்சம். "நானும் வாறேன்" என்று அவள் தாதியோடு கிளம்பினாள். நானும் போனேன்.

கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள் அந்தத் தாய், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. உள்ளே சின்னப் பெண் பிள்ளை சுருண்டு படுத்திருந்தாள். காலையில் மருந்து குடித்ததிலிருந்து ஒரே தூக்கம் என்று, வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காவலில் சொன்னார்களாம். தாதி பிள்ளையை எழுப்பி, நாடி பார்த்து, கண்ணைப் பார்த்தார். பிள்ளை சிணுங்கியது, பிறகு தண்ணீர் கேட்டது. பயமில்லை என்றார் தாதி.

தாதி ஏதோ பொதுவாகச் சொல்லி முடிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை, தாயைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, மருந்துத் துண்டுல அளவு பிழையா வந்துருச்சு. அத எழுதுனது நாந்தான்."

அந்தத் தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் தாய் அடுப்புக்கு மேலிருந்த பலகையிலிருந்து போத்தலை எடுத்துவந்து தாதியின் கையில் கொடுத்தாள்.

"இப்ப சோறு குடுத்துட்டு அடுத்த வேளைக்கு ஊத்தத்தான் இருந்தேன்" என்றாள். "நீங்க வராட்டி குடுத்திருப்பேனே."

வேனுக்கு இறங்கும் படிகளில் அவள் முதல் தடவையாக அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பின் வேறு ஊர்களில், பெரிய அலுவலகங்களிலும் வேலை செய்துவிட்டேன். ஏதாவது பிழையாகிப்போனால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு நடக்காததுபோல் இருந்துவிடலாம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம், அந்த லயத்து வாசலில் அந்தத் தாய் போத்தலை நீட்டிய கை எனக்குத் தெரிகிறது. பிழையைத் திருப்பலாம், ஆனால் அது யாரைப் போய்ச் சேர்ந்தது என்று தேடிப்போகும் வழியை மட்டும் அழிக்கக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.