அண்ணையின் பெயரில் ஒரு முழுக்கு

நான் இருக்கும் வீட்டின் விலாசத்தைச் சொன்னால் ஊரில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். தெற்கே இவ்வளவு, கிழக்கே இவ்வளவு என்று இரண்டு எண்கள், அவ்வளவுதான். வந்த புதிதில் எங்கிருந்து தெற்கு, எங்கிருந்து கிழக்கு என்று எனக்கு விளங்கவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் மெக்சிக்கோக்காரரிடம் கேட்டேன். "கோயிலிலிருந்து" என்றார் அவர். சால்ட் லேக் நகரத்தின் நடுவே நிற்கும் மோர்மன் கோயில் மதிலின் ஒரு மூலையைப் பூச்சியமாக வைத்து நகரத்தின் எல்லாத் தெருக்களையும் எண்ணியிருக்கிறார்கள். அதாவது நான் இரவு தலைசாய்க்கும் இடம், ஒரு கோயிலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் என் விலாசம். கோயிலை வைத்து வீட்டைச் சொல்வது நமக்குப் புதிதில்லைத்தான். காங்கேசன்துறையில் எங்கள் வீட்டுக்கும் "பிள்ளையார் கோயில் பின் வீதி" என்றுதான் கடிதம் வரும். ஆனால் இந்தக் கோயிலுக்குள் நான் கால் வைக்க முடியாது. அவர்களுடைய சபையில் சேர்ந்தவர்களுக்கே பெரியவர்களின் அனுமதி வேண்டும். போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை பூட்டு! ஞாயிறு வழிபாட்டுக்கு வேறு மண்டபங்கள் இருக்கின்றனவாம். அதைக் கேள்விப்பட்ட நாளில் என் மனைவி, "ஞாயிற்றுக்கிழமை பூட்டிற கோயிலும் ஒரு கோயிலோ?" என்று வாயில் கை வைத்தாள். நானும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் சிரித்தேன். பிறகுதான் எங்கள் ஊர்க் கோயில்களில் யார் யாரை எத்தனை தலைமுறையாக வெளி வீதியில் நிறுத்தி வைத்தோம் என்பது நினைவுக்கு வந்தது. சிரிப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

அந்தக் கோயிலைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாம் பக்கத்து வீட்டு லின்டா சொன்னவை. எழுபது கடந்தவள். கணவர் டேல், ஓய்வுபெற்ற குழாய் வேலைக்காரர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். எங்கள் வீட்டு வாசலில் பனி விழுந்தால் எங்களுக்கு முன்னரே எழுந்து, நோகும் முழங்காலோடு அதை வழித்துத் தள்ளிவிட்டுப் போகிறவர். லின்டாவின் கொள்ளுப்பாட்டனாரின் தகப்பன் அந்தக் கோயிலுக்கு மாட்டுவண்டியில் கல் இழுத்தவராம். மலைப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கல்லை நகரத்துக்குக் கொண்டுவர நாட்கணக்காகும். வண்டி அச்சு முறிந்தால் கல் வழியிலேயே கிடக்கும். பிறகு ரயில் பாதை வந்துதான் வேலை சுறுக்காயிற்று. அப்படியும் முடிக்க நாற்பது வருடம் பிடித்ததாம். அத்திவாரம் போட்டவர்களில் கனபேர் கோபுரத்தைக் காணவில்லை. முந்தி இருந்த ஊரிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு, அங்கே கட்டிய கோயிலையும் விட்டுவிட்டு, வண்டி வண்டியாக இந்த உப்பு ஏரிப் பக்கம் வந்து சேர்ந்த சனங்கள் அவர்கள். "நாங்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான்" என்று லின்டா ஒருநாள் பெருமையாகச் சொன்னாள். இந்த நாட்டில், இந்த வெள்ளைக்காரக் கிழவியின் வாயிலிருந்து எங்களுடைய சொல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்தது. அத்திவாரம் போட்டுச் சில வருடத்தில், அரசாங்கப் பட்டாளம் அவர்களை அடக்க வருகிறது என்று செய்தி வந்ததாம். சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோயில் அத்திவாரத்தை மண் போட்டு மூடி, மேலே உழுத வயல் மாதிரி ஆக்கிவிட்டு, ஊரைக் காலி செய்து தெற்கே போய்விட்டார்கள். பட்டாளம் வந்து பார்த்தபோது அங்கே ஒரு வயல்தான் இருந்தது. திரும்பி வந்து தோண்டிப் பார்த்தால் கற்கள் வெடித்திருந்தனவாம். பழையதைப் பெயர்த்துவிட்டுக் கருங்கல்லில் மறுபடியும் போட்டார்கள். லின்டா இதைச் சொல்லிக்கொண்டு போக, கையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். எங்களிடமும் ஒரு அத்திவாரம் இருக்கிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கடைசியில் சொன்னேன்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் காங்கேசன்துறையை விட்டு ஓடியபோது நாங்கள் அம்மா, அண்ணை, நான் என்று மூன்று பேர். அப்பா அதற்கு முன்னரே நோயில் போய்விட்டார். பண்டத்தரிப்புக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சாமான்களை இறக்கி வைத்தபோதுதான் பசுமாடு கட்டினபடியே நிற்கிறது என்று அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அண்ணை சைக்கிளைத் திருப்பினார். "மாட்டை அவிட்டு விட்டிட்டு வாறன்" என்றார். அவ்வளவுதான் கடைசிப் பேச்சு. மாடு இரண்டு நாள் கழித்துத் தானாகவே ரோட்டால் நடந்து வந்தது. கயிறு அறுந்திருக்கவில்லை, ஆரோ அவிழ்த்துத்தான் விட்டிருந்தார்கள். அதைப் பார்த்த நாள் முதல் இன்றுவரை அம்மா சொல்வது ஒன்றுதான்: அவன் மாட்டை அவிட்டிருக்கிறான், அப்ப உயிரோடைதான் இருந்திருக்கிறான். எங்கள் வீட்டில் அண்ணையைப் பற்றிப் பேசும்போது ஒரு சொல் வரக்கூடாது. அந்தச் சொல்லை வாய் தவறிச் சொன்ன மாமா ஒருவரோடு அம்மா அவர் சாகும்வரை கதைக்கவில்லை. அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை, எள்ளும் தண்ணீரும் இல்லை. பண்டத்தரிப்பில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மாதம் தவறாமல் அண்ணையின் நட்சத்திரமான சுவாதியன்று அர்ச்சனை செய்வது மட்டும்தான் உண்டு.

லின்டாவுக்கு நான் சொன்னதும் அப்படியே: "அண்ணை போனார், இன்னும் வரவில்லை." அவள் அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "உங்கள் அண்ணாவின் பெயரை நான் கோயிலுக்குக் கொண்டு போகலாமா? குடும்பத்தில் யாரும் விடுபடக்கூடாது. அதற்காகத்தான் எங்கள் கோயில் இருக்கிறது. கூடப்பிறந்தவர் நீங்கள் சம்மதித்தால்தான் செய்யலாம்."

நான் யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை. பெயரைக் கோயிலுக்குக் கொண்டு போகிறேன் என்று ஒருவர் சொன்னால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அர்ச்சனை! ஐயரிடம் பேரும் நட்சத்திரமும் சொல்வோம்; அவர் மந்திரத்தின் நடுவே அதைச் சொல்லுவார்; பேருக்குரியவர் உலகத்தில் எங்கே இருந்தாலும் சுகமாக இருப்பார். கனடாவில் இருக்கும் பிள்ளைக்கு நல்லூரில் செய்வதில்லையா? மனம் நெகிழ்ந்துபோய், அண்ணையின் முழுப்பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். "குகதாசன். சுவாதி நட்சத்திரம்" என்றேன். நட்சத்திரம் எதற்கு என்று லின்டா விழித்தாள். அவர்களுடைய கோயிலில் நட்சத்திரம் கேட்கமாட்டார்கள் போலிருக்கிறது என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். சம்மதம் கேட்டது எவ்வளவு மரியாதை என்று மனைவியிடம் மெச்சிக்கொண்டேன் வேறு.

சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, இருவரும் எங்கள் கதவைத் தட்டினார்கள். டேலின் தலைமயிர் ஈரமாக இருந்தது. லின்டாவின் முகம் கல்யாண வீட்டுக்காரியின் முகம் மாதிரி. "முடிந்துவிட்டது" என்றாள். "பெரிய கோயில் திருத்த வேலைக்காகப் பூட்டிக் கிடக்கிறது. திறக்கும்வரை காத்திருக்க மனமில்லை. மலையடிவாரத்தில் இருக்கும் எங்களுடைய இன்னொரு கோயிலில் செய்தோம். உங்கள் அண்ணாவுக்காக டேல்தான் தண்ணீரில் இறங்கினார்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஏன் தண்ணீரில்?"

அவள் பொறுமையாக விளக்கினாள். பன்னிரண்டு எருதுச் சிலைகளின் முதுகில் ஒரு பெரிய தொட்டி இருக்குமாம். உயிரோடு இருக்கும் ஒருவர் அதில் இறங்கி, இறந்துபோன ஒருவரின் பெயரில் முழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறுவார். இறந்தவர் மறு உலகத்தில் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். "இறந்தவர்களுக்கு மட்டும்தானா?" என்று கேட்டேன். "ஆமாம், இறந்தவர்களுக்கு மட்டும்தான்" என்றாள்.

முப்பத்தைந்து வருடமாக அம்மா வாயில் வரவிடாத சொல்லை, அம்மாவின் மகனாகிய நான், தேநீர் குடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, ஒரு கோயிலுக்குள் அனுப்பி வைத்திருக்கிறேன். "என் அண்ணா செத்தவர் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கத்தினேன். லின்டா வெளிறிப்போனாள். "போனார், வரவில்லை என்றீர்களே... இத்தனை வருடம்... நான் நினைத்தேன்..." அவள் சொல்லி முடிக்க நான் விடவில்லை. கதவை அடித்துச் சாத்தினேன். பிறகு அவள் வாசலில் வந்து, பிழையாகிவிட்டது, பெரியவர்களிடம் சொல்லிப் பதிவை நீக்க முடியுமா என்று கேட்கிறேன், நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும் என்று கெஞ்சினாள். நான் கதவைத் திறக்கவில்லை. அந்த மாரியிலும் டேல் எங்கள் வாசலில் பனி வழிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

தை மாதம் ஊருக்குப் போனேன். அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று விமானத்தில் ஏறும்போதே முடிவு. அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இந்தச் செய்தியைத் தாங்கமாட்டா என்று பயந்தேன். ஆனால் நான் போய் நாலாம் நாள் சுவாதி. "வா தம்பி, காங்கேசன்துறைக்குப் போட்டு வருவம்" என்று காலையிலேயே குளித்து வெளிக்கிட்டு நின்றா. எங்கள் காணியை ராணுவம் விட்டது சில வருடத்துக்கு முன். வீடு இல்லை. பற்றைகளை வெட்டியபோது அத்திவாரம் மட்டும் கிடைத்தது. அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவோம் என்று மேசன் சொன்னதற்கு, "அதிலை கை வைக்காதை, அவன் வந்தால் இடம் பிடிபட வேணும்" என்று அம்மா மறித்துவிட்டா. பக்கத்தில் பிள்ளையார் கோயில், புதுப் பூச்சோடு, ஒரு நேரப் பூசையோடு நிற்கிறது.

ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கி, "பேர், நட்சத்திரம்?" என்றார். மாதாமாதம் அதே பேர், அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்க வேண்டும், சொல்ல வேண்டும். "குகதாசன், சுவாதி நட்சத்திரம்" என்றா அம்மா, நல்ல சத்தமாக. ஐயர் உள்ளே போய் அந்தப் பேரைச் சொன்னார். ஒரே பேர். இங்கே இருக்கிறவன். அங்கே இல்லாதவன். என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து, எங்கள் அத்திவாரத்தில், படி இருந்த இடத்தில் குந்திவிட்டேன். அம்மா பிரசாதத்தோடு பின்னால் வந்து பக்கத்தில் இருந்தா. மறைக்கத் தெரியாத முகம் எனக்கு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அர்ச்சனை என்று நினைத்ததிலிருந்து, டேலின் ஈரத் தலைவரை.

திட்டுவா, எழுந்து போய்விடுவா, மாமாவுக்குக் கிடைத்த தண்டனைதான் எனக்கும் என்று காத்திருந்தேன்.

"பேரைச் சரியாச் சொன்னவையோ?" என்று கேட்டா.

"ஓம் அம்மா, எழுதிக் குடுத்தனான்."

"தண்ணியிலை இறங்கினவருக்கு என்ன வயசு?"

"எழுபத்தைஞ்சு இருக்கும். முழங்கால் வருத்தக்காரன். ரெண்டு பேர் பிடிச்சுத்தான் இறக்கினவையாம்."

"குளிர் தண்ணியோ?"

"தெரியேல்லை அம்மா. நீங்கள் ஓம் எண்டால் அதை அழிக்கச் சொல்லிச் சொல்லுறன். இண்டைக்கே சொல்லுறன்."

அம்மா தலையை ஆட்டினா. "வேண்டாம். இருக்கட்டும்." பிறகு அத்திவாரக் கல்லைக் கையால் தடவிக்கொண்டே சொன்னா: "நான் இருக்கிறவனுக்குச் செய்யிறன், தம்பி. பெத்தவள் மற்றதைச் செய்ய ஏலாது. உன்னையும் செய்யச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அப்பிடி ஏதுமெண்டால், மற்றதை ஆர் அவனுக்குச் செய்யப் போகினமெண்டுதான் இவ்வளவு காலமும் நித்திரையில்லாமல் கிடந்தனான்."

இத்தனை வருடத்தில் எந்தச் செய்தியும் என்னை இப்படி உலுக்கியதில்லை. அம்மாவுக்குத் தெரியாது என்று நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். அம்மா எங்கள் எல்லோரையும்விடத் தெரிந்துகொண்டு, தனியாக இருந்திருக்கிறா. நான் வாய்விட்டு அழுதேன். அம்மா அழவில்லை. பிரசாதத்திலிருந்து திருநீற்றை இரண்டு பொட்டலமாக மடித்தா. ஒன்று வழக்கம்போல அண்ணையின் படத்துக்குப் பின்னால் வைக்க. மற்றதை என் சட்டைப் பைக்குள் வைத்தா. "அந்த மனிசனுக்குக் குடு. நெத்தியிலை பூச மாட்டாரெண்டால் முழங்காலிலை பூசச் சொல்லு."

திரும்பி வந்த மறுநாள், அவர்கள் கதவை நான் தட்டினேன். பதிவை நீக்க வேண்டாம் என்றேன். லின்டா என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். பெரிய கோயிலைத் திருத்தி முடித்ததும், மறுபடி புனிதப்படுத்துவதற்கு முன் சில மாதம் எல்லோரையும் உள்ளே விடுவார்களாம். நீங்களும் எங்களோடு வாருங்கள் என்றாள். பூமி அதிர்ந்தாலும் தாங்கும்படி அத்திவாரத்தின் அடியில் என்னவோவெல்லாம் செய்திருக்கிறார்களாம். அத்திவாரத்தைப் பார்க்க விடுவார்களா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். வருகிறேன் என்றேன்.

டேல் வாசல் படியில் இருந்தார். பொட்டலத்தைக் கொடுத்து, அம்மா தந்தது, முழங்காலுக்கு என்றேன். அவர் எதுவும் கேட்காமல் காற்சட்டையை மடித்து, வீங்கிய முழங்காலில் காங்கேசன்துறைத் திருநீற்றைப் பூசினார். பிறகு நிமிர்ந்து, "பெயரைச் சொல்ல வேண்டுமா?" என்றார்.

"சொல்லுங்கள்" என்றேன்.

"குகதாசன்" என்றார். திருத்தமாகத்தான் சொன்னார்.

"சுவாதி நட்சத்திரம்" என்றேன் நான். அவருக்கு அது தெரியாதுதானே.