பகலில் உறங்கியவன்

இந்த ஆங்கிலேய ஆலை நகரில் சில கதவுகளில் ஓர் அட்டை தொங்குகிறது: ‘இரவுப் பணியாளர் உறங்குகிறார், தட்டாதீர்கள்.’ பால்காரர்கூட அந்த வாசல்களில் ஓசையில்லாமல் போத்தலை வைத்துவிட்டுப் போகிறார். 1977இல் வந்த புதிதில் அந்த அட்டையின் முன் நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் எழும்பிய 1975இல், எங்கள் ஊரிலிருந்து இரவு ஷிப்டுக்குப் போன முதல் ஆள் என் தம்பி ஏழுமலை. காலையில் வந்து படுப்பான். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்று பல் துலக்குவான். “இன்னா ஏழுமல, இப்பதான் விடிஞ்சுதா?” என்று எதிர்வீட்டு அஞ்சலையக்கா சிரிப்பார். அம்மா சிரிக்கவில்லை, அவனுக்குத் தாயத்துக் கட்டினாள்.

திருவாலங்காட்டிலிருந்து பெண் வீட்டார் நல்ல நேரம் பார்த்துப் பகல் பதினொரு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். உலுக்கினேன், மிரண்டு விழித்து, மறுபடி சாய்ந்தான்.

“ஷிப்டுங்க” என்றேன்.

பெண்ணின் அப்பா நெல் விவசாயி. “இன்னா ஷிப்டோ! பட்டப்பகல்ல எவன் நைனா தூங்குவான்? ஒண்ணு குடிச்சிருக்கணும், இல்ல சித்தம் கலங்கியிருக்கணும்” என்று காபியைத் தொடாமல் எழுந்துவிட்டார். அந்தப் பெண்ணைக் கோயிலில் பார்த்ததிலிருந்து ஏழுமலைக்கு வேறு நினைப்பில்லை. அதன்பின் பகலில் தூங்கவே பயந்தான்.

மிகச் சிலரே செய்வதுதான் மனப்பிறழ்வு என்ற ஒரு வரையறையை அப்போது ஒரு நூலகப் புத்தகத்தில் படித்தேன். அதன்படி தம்பி நோயாளிதான். ஆனால் இரண்டே வருடத்தில் தெருவில் பாதிப் பேர் ஷிப்டுக்குப் போனார்கள். தூங்குகிறவர்களுக்காக மாவு இடிப்பது மாலைக்குத் தள்ளிப்போனது. பகலில் நடமாடிய ஓர் இளைஞனை அதே அஞ்சலையக்கா நிறுத்தினார்: “இன்னாடா, தூங்காம சுத்திக்கினு கீற? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” ஏழுமலை மாறவேயில்லை. நோய்தான் அவனை விட்டுப் போயிருந்தது.

பெண்ணின் அப்பா திரும்ப வந்தார், இம்முறை மாலையில். “அன்னிக்கு இவரு ஒருத்தர் தூங்கனாரு, பயந்துட்டேன். இன்னிக்கு ஊரே தூங்குது. எம்பொண்ணும் வேற எவனுக்கும் கழுத்த நீட்டமாட்டேன்றா.”

நாள் குறித்த பிறகு எனக்கு இங்கே வேலைக்கு உத்தரவு வந்தது. முகூர்த்தம் அங்கே காலை ஒன்பதுக்கு; இங்கே அது விடியாத இருட்டு. குளித்து, வேட்டி கட்டி, எல்லா விளக்கையும் போட்டு, கிழக்கே பார்த்து அட்சதை தூவினேன்.

காலையில் பக்கத்து வீட்டு அம்மையார் வந்து பரிவோடு கேட்டார்: “உங்களுக்குத் தூக்கம் வருவதில்லையா? எங்கள் டாக்டர் ரொம்ப நல்லவர்.”

“தம்பிக்குக் கல்யாணம்” என்றேன்.

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஆளில்லாத அறை; கம்பளமெங்கும் மஞ்சள் அரிசி. டாக்டரின் பெயரை இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னார்.