கம்பி விட்டுக் கட்டிய வீடு

உம்மா மௌத்தாகி இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வீடுகள்தான் வரிசையாக வருகின்றன.

பெயர் சீனத்தும்மா. கல்முனைக்குடியில் கடலுக்குக் கிட்டப் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கலியாணம் என்றால் இருக்கிற வீட்டை அவள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவார்.

உம்மாவின் ராத்தாவுக்கு, அதாவது மூத்த சகோதரிக்கு, கலியாணம் நடந்தபோது உம்மா சிறுபிள்ளை. கல்வீட்டிலிருந்து கிடுகுக் கொட்டிலுக்குப் போனதுதான் அவருடைய முதல் இடமாற்றம். பிறகு தன் கலியாணத்துக்குக் கிடைத்த இரண்டறை வீட்டில் எங்களைப் பெற்று வளர்த்தார். வாப்பா வரிப்பத்தான்சேனையில் வயல் செய்தார். விதைப்புக்குக் குடும்பமே வயலிலுள்ள வாடிக் குடிசைக்குப் போய், அறுவடை முடிந்து திரும்பும். அதை உம்மா இடமாற்றமாக எண்ணுவதில்லை.

என் ராத்தா றுமானாவின் கலியாணத்துக்கு அந்த இரண்டறை வீடு போனது. கடல்பக்கம் தகரக் கூரை போட்டுக்கொண்டோம். சுனாமி இரண்டையும் கொண்டுபோனது. பிறகு பள்ளிக்கூடம், கூடாரம், பலகைக் கொட்டில் என்று மாறி மாறி இருந்தோம். கடைசியில் வயல் நிரப்பிக் கட்டிய வீட்டுத்திட்டத்தில் ராத்தாவுக்கு ஒரு வீடும் வாப்பாவுக்கு ஒரு வீடும் கிடைத்தன.

“கூடாரத்தை எண்ணாத, மகன்,” என்று நான் அவர் மாறிய வீடுகளை எண்ணியபோது உம்மா ஒருமுறை சொன்னார். “கதவில்லாதது என்ன வீடு?”

வாப்பாவுக்குக் கிடைத்த வீடு தங்கச்சி பஸ்னாவின் கலியாணத்துக்குப் போனது. வாப்பாவும் உம்மாவும் வாடகை வீட்டுக்குப் போனார்கள். அங்கேதான் வாப்பா மௌத்தானார். உம்மா நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இத்தா இருந்து முடிக்கும்வரை வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்.

உம்மா இனி வீடு மாறக்கூடாது என்று அப்போது முடிவெடுத்தேன். நான் கட்டட வேலைகளுக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தன். வாப்பா விட்டுப்போன துண்டு வளவில் உம்மாவின் பேரிலேயே ஒரு வீடு கட்டினேன். மாரி வெள்ளத்துக்காக நிலமட்டத்தை உயர்த்தினேன். முழங்கால் வருத்தத்துக்காகப் படி வைக்காமல் சரிவு வைத்தேன். குளியலறை உள்ளே, சுவரில் பிடித்து எழும்ப இரும்புக் கைப்பிடி.

அறை ஒன்றே ஒன்று. அது வேண்டுமென்றே செய்தது. ஓரறை வீட்டை எந்த மாப்பிள்ளை வீட்டாரும் ஏற்கமாட்டார்கள். அப்போது அதை யாருக்கும் கொடுக்கவும் முடியாது. இதுதான் என் கணக்கு.

மேசன் செல்லத்தம்பி வீரமுனை ஆள். அவருக்கு இந்த வரைபடம் பிடிக்கவில்லை.

“என்ன சேர் இது, கிளிக்கூடு மாதிரிக் கிடக்கு?”

“உம்மா ஒராள்தானே அண்ணன்.”

“கிழக்கால பீம் கம்பிய வெட்டவா, விடவா?”

“விடுங்க,” என்றேன். எந்தக் கட்டடத்திலும் அப்படித்தான் சொல்வேன். பிறகு யாராவது கூட்டிக் கட்டுவார்கள் என்று கம்பியை நீட்டி விடுவது எங்கள் தொழிலில் கைப்பழக்கம்.

உம்மா குடிவந்தார். அதுவரை ஒரு தோற்பெட்டிக்குள்ளேயே கிடந்த உடுப்புகளை எடுத்து அலுமாரியில் அடுக்கினார். முருங்கை நட்டார். பின்னேரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களிடம் கதைப்பார். மூன்று மாரி அப்படிப் போனது.

ராத்தாவின் வீடு அவருடைய மூத்த மகளுக்குப் போய்விட்டது. இளையவள் அம்ஹாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்தபோது கொடுக்க வீடு இல்லை. எல்லோரும் கவலைப்பட்டார்கள். உம்மா மட்டும் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போனேன். கிழக்குப் பக்கம் அறை கூட்ட அத்திவாரம் வெட்டியிருந்தது. செல்லத்தம்பி துருப்பிடித்த பீம் கம்பியை உரசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆர் செய்யச் சொன்ன?”

“நீதான்,” என்றார் உம்மா. “கம்பிய நீட்டி வெச்சிரிக்காய். சும்மாவா நீட்டின?”

“அது வழக்கம் உம்மா.”

“இதுவும் வழக்கந்தான்.”

“இது உங்கட வீடு. உங்களுக்கெண்டு கட்டின.”

“என்ட வீடெண்டபடியாத்தானே குடுக்கிறன். ஊரான்ட வீட்டையா குடுக்கேலும்?”

“சரி, குடுங்க. ஆனா நீங்க இந்த அறையிலதான் இரிக்கணும்.”

“புதுமாப்பிள்ளை வாற வீடு. இரிக்கிறது ஒரு பாத்றூம். அந்தப் புள்ள கூச்சத்தில கடல்கரைக்கா ஓடுற?” செல்லத்தம்பிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“நான் விடமாட்டன் உம்மா.”

உம்மா என் பக்கம் திரும்பினார். “நிந்தவூரில நீ இரிக்கிறது ஆர்ட வீடு மகன்? உன்ட மாமி எங்க படுக்கா?”

மாமி, என் மனைவியின் உம்மா, குசினிக்குப் பின்னால் கூரையை இறக்கிப் போட்ட பத்தியில் படுக்கிறார். நான் மாப்பிள்ளையாகப் போனதிலிருந்து அங்கேதான்.

“நீங்க வேலையப் பாருங்க தம்பி,” என்றார் உம்மா, மேசனிடம்.

கலியாணத்துக்கு முதல் நாள் அம்ஹா உம்மாவிடம் வந்து அழுதாள். “மூத்தம்மா, நீங்க எங்கயும் போகவேணாம். அவருக்கிட்ட நான் சொல்றன்.”

“ஓம், சொல்லு. மொதல்ல சோறு ஆக்கிப் பழகு. புளியாணமே ஒழுங்கா வராது, கதைக்க வந்திட்டா.”

உம்மா பஸ்னாவின் குசினியோடு ஒட்டிய அறைக்குப் போனார். நான் வைத்த கைப்பிடியில் அம்ஹாவின் மாப்பிள்ளை பஸாலின் துவாய் தொங்கியது. பஸால் நல்ல பொடியன். ஒவ்வொரு வாரமும் மீன் வாங்கிக்கொண்டு போய் உம்மாவைப் பார்ப்பார்.

இந்த வருடம் நோன்பு முடிந்த கையோடு உம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று டொக்டர் சொல்ல, பஸ்னா வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்ஹாவும் பஸாலும் தங்கள் வீட்டில் உம்மாவின் பழைய அறையைக் கழுவிக் கட்டில் போட்டார்கள். மறுநாள் அங்கே கொண்டுபோவதாக இருந்தோம். விடியற்காலை சுபஹுத் தொழுகை நேரம் பஸ்னாவின் குசினி அறையிலேயே உம்மாவின் மூச்சு அடங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது தலைமாட்டில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சியை வெளியே கூப்பிட்டேன்.

“ஜனாஸாவ அந்த வீட்டுக்குக் கொண்டுபோவம். அங்க குளிப்பாட்டி அங்கயிருந்து எடுப்பம். அவட வீடு அது.”

பஸ்னா அழுது ஓய்ந்திருந்தாள். குரல் மட்டும் தெளிவாக இருந்தது. “காக்கா, மய்யித்தயும் வீடு மாத்தப் போறீங்களா?”

ராத்தா என் கையைப் பிடித்தார். “விடு தம்பி. குளிப்பாட்டத் தண்ணி வெச்சாச்சி.”

மதியம் லுஹர்த் தொழுகைக்குப் பிறகு எடுத்தோம். உம்மாவைக் கிடத்திய சந்தூக்கின் முன்கை ஒன்று என் தோளில், மற்றது பஸாலின் தோளில். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போகும் வழியில்தான் அந்த வீடு. பெண்கள் எல்லோரும் பஸ்னாவிடம் இருந்ததால் பூட்டியிருந்தது. வாசலுக்கு நேரே பஸாலின் நடை தளர்ந்தது. பின்னால் கலிமா சொல்லி வந்தவர்களும் நின்றார்கள்.

“கொஞ்சம் இறக்கி வைப்பமா மாமா?” என்று என் காதுக்கு மட்டும் எட்டும்படி கேட்டார் பஸால்.

உம்மா தோளில் பாரமே இல்லாமல் இருந்தார்.

“வேணாம் மருமகன்,” என்றேன். “நடங்க.”