இடது பக்கம் வந்தவர்கள்

என் அலமாரியில் ஒரு சிவப்புப் பென்டிரைவ் இருக்கிறது. அதன் காகித உறையில் அக்கா சிரித்துக்கொண்டிருப்பார். 

அக்கா கோவையில் பக்திப் பாடல் கச்சேரி செய்தவர். கூடப் பிறந்தவரல்ல, குழுவில் எல்லோருக்கும் அவர் அக்காதான். மைக்கும் ஒலிப்பதிவும் என் பொறுப்பு. கச்சேரி முடிந்த கையோடு அன்றைய பதிவைப் பென்டிரைவில் ஏற்றி, வாசலில் மேசை போட்டு ரசிகர்களுக்கு விற்பேன். பாட்டுக்கு நடுவே அக்கா பேசுவது அரங்கில் கேட்காதபடி மைக்கைக் குறைத்துவிடுவேன். பதிவுக்குப் போகும் ஒலி தனி. அதில் எல்லாமே விழும். அந்தப் பேச்சை வெட்டி எடுத்த பிறகுதான் விற்பது வழக்கம். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, சீக்கிரம் குடுங்க" என்று ஆட்கள் நெருக்கியதும் வெட்டாமலே ஏற்றிக் கொடுத்துவிட்டேன். ஆத்திரக்காரிக்கும் புத்தி மட்டுதான்.

மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அதைப் போட்டுக் கேட்டேன். மூன்றாவது பாட்டுக்கு முன் அக்கா வயலின்காரரிடம் சொல்கிறார்: "வலது காது முச்சூடும் கேக்கறதில்லீங்க. டாக்டரும் கையை விரிச்சுட்டாரு. நான் சுருதி எறங்குனா வில்லுல கொஞ்சம் காட்டுங்க. ஆருக்கும் தெரிய வேண்டாமுங்க."

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன். காது கேளாத பாடகியை எந்தக் கோயிலில் கூப்பிடுவார்கள்? பங்குனி மாதக் கச்சேரிகளை இனிமேல்தான் பேசி முடிக்க வேண்டியிருந்தது. விற்றது பதினொன்று. பத்துப் பேரின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. "சத்தம் சரியா ஏறலீங்க, வேற தர்றேன்" என்று பொய் சொல்லி, இரண்டு நாள் ஸ்கூட்டரில் அலைந்து திரும்ப வாங்கிவிட்டேன். பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி ஒருவர் மட்டும் சிக்கவில்லை. போன் அடித்தாலே, அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார் என்று பயப்படுவேன். அக்காவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அடுத்த கச்சேரி சென்னிமலையில். முடிந்ததும் ரசிகர்கள் வலது பக்கப் படி வழியாக மேடைக்கு வந்தார்கள். முதலில் ஏறியவர் பொள்ளாச்சிக்காரர்.  அவர் அக்காவைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய், காதருகே குனிந்து, "நல்லா இருந்துச்சுங்கம்மா" என்றார். பின்னால் வந்தவரும் சுற்றிக்கொண்டு போனார். அதற்கடுத்தவரும். ஏழெட்டுப் பேர், நான் பொய் சொல்லிப் பென்டிரைவைத் திரும்ப வாங்கிய அதே ஆட்கள். திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டிருக்கிறார்கள்.

இறங்கும்போது பொள்ளாச்சிக்காரர் சிவப்புப் பென்டிரைவை என் கையில் வைத்தார். "இத நீங்களே வெச்சுக்குங்க அம்மணி."

அக்கா பார்த்துவிட்டார். "நான் பேசுனது ரெக்கார்டுல விழுந்துபோச்சா அம்மணி?"

தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது.

"கேட்டுப்போட்டுமா இத்தனை பேரு வந்திருக்காங்க?" என்றார்.  "செரி, அழுவாத. போய் மேசையைப் போடு. இன்னைக்காவது வெட்டிப்போட்டுக் குடு."

அதன் பிறகும் சில வருடங்கள் பாடினார். இப்போது பாடுவதில்லை. போன வாரம் அவருக்குப் போட்டுக் காட்டலாமென்று இந்தப் பென்டிரைவை எடுத்துக்கொண்டு போனேன். வழக்கம்போல இடது பக்கம் உட்கார்ந்து, "அக்கா" என்றேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பென்டிரைவை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டேன். யார் கேட்டுவிடுவார்களோ என்று நடுங்கிய அந்தப் பயமே இதற்குத் தேவலை.