ஸ்கூல் என்றால் ஓய்வு

அக்காவின் படிப்பைக் கெடுத்தவன் நான். அதுவும் கிரேக்க மொழியைக் கொண்டு கெடுத்தேன். தமிழையே தப்பில்லாமல் எழுதத் தெரியாத ஆறாம் வகுப்பு முட்டாளுக்கு இது பெரிய சாதனைதான்.

அன்று ஆங்கில ஆசிரியர், 'ஸ்கூல்' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, அங்கே அதற்கு முதல் பொருள் ஓய்வு என்றார். வேலை இல்லாதவர்கள் உட்கார்ந்து பேசிப் பேசி அதுவே படிப்பாகிவிட்டதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை அடியும் வீட்டுப்பாடமும் ஓய்வா! வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை மூன்று கிலோமீட்டரும் அதை வாயிலேயே அடக்கிக்கொண்டு ஓடினேன்.

வீட்டில் வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. வருஷாவருஷம் அப்பாவும் அம்மாவும் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போவார்கள். ஒற்றை மூங்கில் ஏணியில் அப்பா ஏறுவார். அம்மா அடியைப் பிடித்துக்கொள்வாள். ஏணி பிடிக்க வெளியாளை எங்கள் பக்கம் யாரும் நம்புவதில்லை. அந்த வருஷம் அம்மாவுக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தது. ஏணி பிடிக்க மிச்சம் இருந்தது அக்காதான்; அவளுக்கோ பத்தாம் வகுப்புப் பரீட்சை. "சரி, அது பரீட்சை எழுதட்டும். இந்த வாட்டி போவல" என்று அப்பா சொல்லி முடிக்கவும் நான் நுழையவும் சரியாக இருந்தது.

"யப்பா, ஸ்கூல்னா இன்னா தெரியுமா? ஓய்வாம்! சும்மா குந்திக்கினு இருக்கிறதாம்!"

சிரிப்புக்காகக் காத்து நின்றேன். சாமை குத்திக்கொண்டிருந்த அக்காவின் உலக்கை மட்டும் நின்றது.

"யார்ரா சொன்னது?" என்றார் அப்பா.

"இங்கிலீஷ் சார்."

"அவுரே சொல்லிட்டாரா? ஓய்வெடுக்கவா இவளை அனுப்பிக்கினு இருக்கேன்? தே, துணிய எடுத்து வை" என்று அக்கா பக்கம் திரும்பினார்.

"சார் சும்மா சொன்னாருப்பா" என்று உளறினேன்.

"சாரை விட உனக்கு ஜாஸ்தி தெரியுமா?"

மறுநாள் விடிந்ததும் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியின் ஜீப் வந்தது. அக்கா ஏறிக்கொண்டாள்.

மிளகு முடிந்து அவள் திரும்பியபோது பரீட்சையும் முடிந்திருந்தது. அப்புறம் பள்ளிக்கூடம் என்ற பேச்சே எழவில்லை. வந்த அன்றே அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள். பின்னாலேயே போய், பெரிய மனுஷன் மாதிரி ஆறுதல் சொன்னேன்: "உடு அக்கா, ஓய்வுதான போச்சு."

அவள் நிற்கவில்லை, திரும்பவுமில்லை. அவள் சொன்னது புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

"எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்டா."