மைக் டெஸ்டிங்கில் மட்டுமே பாடிய மகா ராக் பாடகர்

அன்வர் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில், அவர் வீட்டிலேயே.

மகள் நஸ்ரின்தான் போன் செய்தாள். "மாமா... அத்தா போயிட்டாக." நான் "சரிம்மா" என்றேன். இவ்வளவு பெரிய வாயிலிருந்து அவ்வளவுதான் வந்தது.

உங்களில் பலருக்கு அவர் மைக் செட் அன்வர். உங்கள் கல்யாணத்துக்குக் கூம்பு ஸ்பீக்கர் கட்டியவர்.

எனக்கு அவர் இந்தப் பூமண்டலத்தில் தோன்றிய மாபெரும் ராக் பாடகர். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, சொந்தக் கிடாரை அடித்துப் பாடியவர். ஒரு கம்பியைத் தட்டினால் மேற்குத் தொடர்ச்சி மலை இரண்டு இஞ்ச் கேரளா பக்கம் நகரும். நானே அளந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் எங்கள் பக்கம் ராக் கச்சேரிக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்? அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார்... மைக் டெஸ்டிங்.

பந்தலில் ஒயர் இழுத்து முடித்ததும், பெண் வீட்டு வேன் வந்து சேருவதற்குள் பத்து நிமிடம் கிடைக்கும். அதுதான் அவருடைய உலகச் சுற்றுப்பயணம். கிடாரை ஆம்ப்ளிஃபயரில் செருகிப் பாட்டை எடுத்துவிடுவார். நான் ராஜபாளையத்தில் மில் ஷிஃப்ட் முடித்து ஓடி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு டிரம்ஸ் வாசிப்பேன்.

இரண்டாவது சரணத்துக்குள் ஒரு பெரிய மனுஷர் வந்துவிடுவார்.

"ஏலே, கல்யாண வீட்டுல என்னலே காட்டுக் கத்தல்? சாமி பாட்டப் போடு!"

"மைக்கு டெஸ்ட் பண்ணுதேன் மாமா."

"எம்புட்டு நேரம்லே டெஸ்ட் பண்ணுவ? மைக்குக்கே காது போயிருக்கும்!"

முப்பது வருடம் இப்படியே. வத்திராயிருப்பு முதல் சேத்தூர் வரை ஒரு பந்தலில் கூட ஒரு பாட்டு முழுசாக ஓடியதில்லை. அவர் சிரித்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்குவார். கோபம் எல்லாம் எனக்குத்தான்.

போன வருடம் நெஞ்சில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினார். மூச்சு பாதிதான் மிச்சம். நஸ்ரின் கோயம்புத்தூரிலிருந்து லேப்டாப்போடு வந்து இறங்கினாள்.

"அத்தா, உங்க பாட்டையெல்லாம் ரெக்கார்ட் பண்ணி ஒரே ஆல்பமாப் போடுவோம். கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்!"

"ஹிட்டே இல்லாதவனுக்கு என்னம்மா கிரேட்டஸ்ட்டு?"

நான் குறுக்கே பாய்ந்தேன். எந்தப் பாட்டை நிறுத்தச் சொல்ல ஆள் தாமதமாக வந்தாரோ, அந்தப் பாட்டெல்லாம் ஹிட். தீர்ப்பு சொல்லிவிட்டேன். அதன்படி ஒன்பது தேறியது.

பந்தல் துணியைச் சுவரெல்லாம் தொங்கவிட்டு அவர் கடையையே ஸ்டூடியோ ஆக்கினோம். முதல் பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்தது... அண்ணன் நின்றுவிட்டார்.

"என்னண்ணே, மூச்சு முட்டுதா?"

"இல்லலே குருசாமி... இதுக்கு மேல எழுதலலே."

ஒன்பதுக்கும் அதே கதை! எவரும் முடிக்க விட்டதில்லை, அதனால் மனிதர் முடிவை எழுதியதே இல்லை. முப்பது வருடம் பக்கத்திலேயே நாற்காலியை அடித்த எனக்கும் இது தெரியாது.

சிரித்தோம் பாருங்கள்... அண்ணனுக்கு இருமல் வந்து, மும்தாஜ் மதினி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள். "ஏன் கொழுந்தரே, ஆளக் கொல்லவா வந்தீக?"

அதோடு சிரிப்பு நின்றது. மூச்சு நாளுக்கு நாள் குறைகிறது. ஒன்பது முடிவு வேண்டும்.

வாரத்துக்கு ஒன்று என்று எழுதினார். ஒரு வரி பாடுவார், செத்த நேரம் உட்காருவார், அடுத்த வரி. நஸ்ரின் எல்லாவற்றையும் ஒட்ட வைத்தாள்.

நான் ஒவ்வொரு பாட்டுக்கும் இடி, மின்னல், பீரங்கி கேட்டேன். "பிளவக்கல் டேம் ஒடைஞ்ச மாதிரி முடிங்கண்ணே!" அவர் எல்லாவற்றையும் நாலே வரியில், மெதுவாக முடித்தார். ஒன்பதாவது பாட்டின் நாலு வரி மதினிக்கு. அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

ஒன்பதும் முடிந்தது.

போன மாதம் சேத்தூரில் ஒரு கல்யாணம். வர வேண்டாம் என்றால் கேட்கவில்லை. உட்கார்ந்தபடியே மைக் டெஸ்டிங். அந்த ஒன்பதாவது பாட்டைத்தான் எடுத்தார்.

இரண்டாவது சரணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து நின்றார். பட்டாளத்தில் இருந்தவர், மீசையே ஒரு ரெஜிமெண்ட். அண்ணன் கை தானாகவே பிளக்குக்குப் போனது.

"இரும்யா... என்ன அவசரம்? முடிச்சிட்டு எந்திரி."

நான் நாற்காலியை அடிக்க மறந்துவிட்டேன். அண்ணன் பாடினார். மூச்சு வாங்கி வாங்கி, நாலு வரியையும் பாடினார். கடைசிச் சத்தம் தென்னந்தோப்புக்குள் போய் அடங்கியது. பந்தலில் இருந்த எழுபதாயிரம் பேரும் மூச்சு விடவில்லை.

ஏழு பேர்.

"நல்லாருக்குய்யா," என்றார் பெரியப்பா. "சரி, இப்பச் சாமி பாட்டப் போடு."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏலே... முடிஞ்சிருச்சுலே."

சாமி பாட்டை நான்தான் எழுந்து போட்டேன்.

பெரியப்பா, உங்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். இந்தப் பதிவு உங்கள் கண்ணில் பட்டால்... ரொம்ப நன்றிங்க.

அடக்கம் இன்று சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு. பாட்டுகள் நஸ்ரினின் பேஸ்புக் பக்கத்தில் இருக்கின்றன.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று இதைத் தட்டுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்துவிட்டது.

வாரேன் அண்ணே.