அனுமதி இல்லை

எந்த மருந்து எந்தக் கிளையில் இருக்கிறது என்று டேட்டாபேஸில் தேடித்தரும் புரோகிராமை எழுதியவன் அவன்தான். அது அவன் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடியதால் எல்லாரும் அவனிடமே வந்து நின்றார்கள்.

“வெப் சர்வீஸா மாத்திடு மாப்பிள, அவங்கவங்களே கேட்டுக்கட்டும். உன் தலைவலியும் விடும்,” என்றார் அந்த மருந்துக் கடைகளின் முதலாளியான அக்கா புருஷன்.

மாற்றினான். எல்லாக் கிளைகளுக்கும் அது பதில் சொன்னது. மாமா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் வீட்டிலிருந்தே சோதித்தான். “மன்னிக்கவும், உங்களுக்கு அனுமதி இல்லை” என்று வந்தது. வெளியாட்களுக்காக அவனே எழுதிய வரி.

போன் செய்தான். “லிஸ்ட்லேர்ந்து என் பேரை எடுத்துட்டீங்களா மாமா?”

“அதுதான் தானாவே பதில் சொல்லுதே, இனி நீ எதுக்கு? அக்காகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்.”

போனில் அவருக்குப் பின்னால் அக்கா குரல் கேட்டது: “அவன்கிட்ட சொல்லிட்டீங்களா, இல்லையா?”